கப்பல் வராத நாளில் எமது அடுப்பு

திருகோணமலை நகரிலிருந்து கொழும்பு வீதியால் பயணம் செய்பவர்கள் சீனக்குடாவைக் கடக்கும்போது, உட்துறைமுகக் கரையில் உயர்ந்து நிற்கும் மாவாலையைக் காணாமல் போக முடியாது. உலகின் மிகப் பெரிய மாவாலைகளுள் ஒன்றாகச் சொல்லப்படும் இவ்வாலை 1980 ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. கப்பலில் வந்து இறங்கும் கோதுமை இங்கே மாவாகி, லொறிகளில் ஏறி நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் செல்கிறது. அவ்வாறு இறங்கும் தானியத்தில் ஒரு மணிதானும் இந்த நாட்டு மண்ணில் விளைந்ததல்ல. அவுஸ்திரேலியாவிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் கருங்கடல் நாடுகளிலும் விளைந்த கோதுமையே எமது காலைப் பாணாகவும் இரவு நேரக் கொத்து றொட்டியாகவும் மாறுகின்றது.

இதே வீதியில் மேலும் சில மைல்கள் சென்றால் தம்பலகாமத்து வயல்வெளி. அதற்கப்பால் கந்தளாய்க் குளம். கொட்டியாரக் குடாவின் மறுகரையில் கிண்ணியாவும் மூதூரும் அல்லைத் திட்டத்தின் நீர் பாயும் வயல்களும். ஒரு மாவட்டத்துக்குள்ளேயே இவ்விரண்டும் அருகருகே இருக்கின்றன. இருந்தும், எமது கோப்பையில் இருப்பது எங்கிருந்து வந்தது, அதை அங்கிருந்து கொண்டுவந்தவர் யார், அது வராமற்போனால் எமது நிலை என்ன என்ற கேள்விகளை நாம் கேட்டுக்கொள்வது மிகவும் அரிது. விலை ஏறும்போது மட்டும் முணுமுணுக்கிறோம். விலை சற்று இறங்கியதும் மறந்துவிடுகிறோம்.

பாண் என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து நாம் பெற்றுக்கொண்டதுதான். ஆயினும் அந்தப் பண்டம் நீண்ட காலமாக நகரத்து மேசைகளுக்கு உரியதாகவே இருந்தது. கிராமத்து அடுப்பில் கோதுமை மா குடியேறியதற்குக் காரணம் ஒரு போர். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. அதுவரை இலங்கையின் அரிசித் தேவையில் பெரும்பகுதியைப் பூர்த்தி செய்துவந்த பர்மா அரிசி அத்தோடு நின்றுபோனது. அடுத்த மாதம், ஏப்ரல் 9 ஆம் திகதி, ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீதே குண்டு வீசின. பங்கீட்டு அரிசியின் அளவு குறைக்கப்பட்டது. அந்த இடைவெளியை நிரப்ப அவுஸ்திரேலியாவிலிருந்து கோதுமை மா வந்து சேர்ந்தது. போர் முடிந்த பின்பும் மா திரும்பிப் போகவில்லை. பின்னைய தசாப்தங்களில் அமெரிக்காவின் உணவு உதவித் திட்டத்தின் கீழ் மேலும் வந்தது. அரிசி விலை உயர்த்தப்பட்டதை எதிர்த்து 1953 ஓகஸ்டில் நாடே ஹர்த்தாலில் இறங்கி, அதன் விளைவாக ஒரு பிரதமர் பதவி துறந்த வரலாறும் எமக்குண்டு. அரிசியில் கைவைத்தால் ஆட்சி ஆட்டங்காணும் என்று கண்ட அரசாங்கங்களுக்கு, மலிவான மா ஒரு பாதுகாப்புக் கவசமாகவே தென்பட்டது.

எழுபதுகளில் நிலைமை மறுபக்கம் சாய்ந்தது. இறக்குமதி இறுக்கப்பட்டது, உணவகங்களில் குறிப்பிட்ட நாட்களில் சோறு பரிமாறத் தடை வந்தது, அரிசியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்வதும் குற்றமாயிற்று. மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்று பாண் வரிசையில் விடியும்வரை நின்ற கதைகளை எமது பெற்றோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கசப்பு 1977 இன் தேர்தல் முடிவில் வெளிப்பட்டது. அதே ஆண்டில்தான் சிங்கப்பூரின் பிரிமா நிறுவனத்துடன் சீனக்குடா ஆலைக்கான உடன்படிக்கை செய்துகொள்ளப்பட்டது. அரசாங்கம் கோதுமையைக் கொண்டுவந்து கொடுக்கும், ஆலை மாவைத் திருப்பிக் கொடுக்கும், எஞ்சும் தவிடு முதலானவற்றை நிறுவனம் தனக்கு ஊதியமாக எடுத்துக்கொள்ளும் என்பதே ஆரம்ப ஏற்பாடு. 2001 இல் ஆலை அந்நிறுவனத்தின் உடைமையாகவே ஆகிவிட்டது. நாம் 'எங்களுக்குப் பழகிப்போன சாப்பாடு' என்று சொல்லிக்கொள்வதில் பெரும்பகுதி இவ்வாறு போராலும் உடன்படிக்கைகளாலும் பழக்கப்பட்டதேயன்றி வேறில்லை. எமது பிட்டுக்கும் இடியப்பத்துக்கும்கூட அவித்த கோதுமை மா இன்றியமையாததாகிவிட்ட நிலையை வேறெவ்வாறு விளக்குவது?

2022 ஆம் ஆண்டு இந்தக் கணக்கு முழுவதையும் ஒருமுறை எம் கண்முன் விரித்துக் காட்டியது. 2021 இல் இரசாயன உர இறக்குமதிக்கு ஒரே இரவில் விதிக்கப்பட்ட தடை பெரும்போக விளைச்சலைச் சரித்தது. டொலர் இல்லாமல் 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தது. அதே காலத்தில் உக்ரேன் போர் கருங்கடல் கோதுமையைத் தடுத்தது. மே மாதத்தில் இந்தியாவும் கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. பேக்கரிகள் மூடப்பட்டன. ஒரு இறாத்தல் பாண் தினக்கூலியாளருக்கு எட்டாப் பொருளாயிற்று. அந்த மாதங்களில் எமது வீடுகளில் என்ன நடந்தது என்பதை வாசகர்கள் நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். குரக்கனும் உழுந்தும் பயறும் பரணிலிருந்து இறங்கின. முற்றத்து முருங்கையும் வேலியோரத்து மரவள்ளியும் மீண்டும் மதிப்புப் பெற்றன. வயலோடு தொடர்பறாத குடும்பங்கள் ஓரளவுக்குத் தாக்குப்பிடித்தன. கடையை மட்டுமே நம்பியிருந்தவர்கள் பட்டினி கிடந்தார்கள். மூன்றாண்டுகளுக்குள் அந்தப் பாடம் எம்மிடமிருந்து நழுவிவிட்டது என்பதே விசனத்துக்குரியது.

அவ்வாறாயின் அரிசியை உண்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா என்று கேட்கலாம். அதுவும் அவ்வளவு எளிதன்று. கந்தளாயிலும் மூதூரிலும் விளையும் நெல்லில் கணிசமான பகுதி அறுவடை முடிந்த கையோடு களத்திலேயே விலைபேசப்பட்டு, பொலனறுவையின் பெரும் ஆலைகளுக்குச் செல்கிறது. கடன்பட்டு விதைத்த விவசாயிக்கு நெல்லைக் காயவைத்துக் களஞ்சியப்படுத்திக் காத்திருக்க வசதியில்லை. ஈரநெல்லைச் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு, சில மாதங்களின் பின் அதே நெல்லின் அரிசியை, வேறொரு ஊரின் பெயர் பொறித்த பொதியில், இரட்டிப்பு விலைக்கு அவரே கடையில் வாங்குகிறார். 2024 டிசம்பரில் நெல் விளையும் நாட்டில் நாட்டரிசிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு இறக்குமதிக்கு அனுமதி வழங்க நேர்ந்தது. அவ்வேளை பற்றாக்குறை நெல்லிலா, நெல்லைப் பூட்டிவைத்திருந்த களஞ்சியங்களின் திறப்பிலா என்ற கேள்வியை எல்லோரும் எழுப்பினர். மாவட்டத்துக்குள் இயங்கிய சிற்றாலைகள் பல ஓய்ந்துபோனதற்கு, உள்ளூர் அரிசியைத் தேடிக் கேட்டு வாங்காத பாவனையாளர்களாகிய எமக்கும் பங்குண்டு.

இம்மாவட்டத்தில் வயல் என்பது என்றுமே வெறும் வயலாக இருந்ததில்லை. 2006 ஜூலையில் விடுதலைப் புலிகளால் மாவிலாறு மதகு மூடப்பட்டபோது சேருவில, மூதூர், ஈச்சிலம்பற்றுப் பகுதிகளில் சிங்கள, முஸ்லிம், தமிழ் விவசாயிகள் மூவரின் பயிரும் ஒரே வாய்க்காலில் வாடியது. இறுதி யுத்தம் அங்கிருந்தே தொடங்கிற்று. அடுத்த மாதம் மூதூர் முஸ்லிம்கள் கால்நடையாகக் கந்தளாய்க்கு ஓடினர். சம்பூர்த் தமிழர்கள் தம் காணிகளை விட்டு வெளியேறி, திரும்பி வர ஏறத்தாழப் பத்தாண்டுகள் காத்திருந்தனர். பத்தாண்டுகள் உழப்படாத நிலம் எப்படியிருக்கும் என்பதை விவசாயி ஒருவருக்கு விளக்க வேண்டியதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த வெள்ளத்தில், மகாவலி பெருக்கெடுத்து, அதே மாவிலாற்றின் அணைக்கட்டு உடைப்பெடுத்தது.

இவ்வரிசையில் அண்மைய அத்தியாயம் முத்துநகர். சீனக்குடாவை அண்டிய இக்காணிகள் 1980 களில் துறைமுக அதிகாரசபைக்கென வர்த்தமானி மூலம் ஒதுக்கப்பட்டவை. ஆயினும் தலைமுறைகளாக அங்கு நெல் விதைத்து வந்ததாகக் கூறும் தமிழ், முஸ்லிம் விவசாயிகள், சூரிய மின்சக்தித் திட்டங்களுக்காகத் தமது வயல்கள் பறிக்கப்படுவதை எதிர்த்து 2025 இல் மாவட்டச் செயலகத்தின் முன் அமர்ந்து போராடினார்கள். சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. டீசலையும் நிலக்கரியையும் கப்பலில் வரவழைத்துக் கடனாளியான நாட்டுக்கு அது அவசியமானதே. ஆனால் தரிசு நிலமும் பற்றைக்காடும் நிறைந்த மாவட்டத்தில், நீர் பாய்ந்து விளையும் வயலை இதற்காகத் தெரிவு செய்தது எந்த வகை நியாயம்? ஒரு துறைமுகத்தின் ஒரு கரையில் இறக்குமதித் தானியம் இறங்க, மறுகரையில் உள்ளூர் நெல் வயல் அகற்றப்படுகிறதென்றால், உள்ளூர் உணவைத் தெரிவு செய்யுங்கள் என்று பாவனையாளருக்கு உபதேசிப்பதில் என்ன அர்த்தம் இருக்கிறது? வயல் இருந்தால்தான் தெரிவும் இருக்கும். முத்துநகர் விவசாயியின் வழக்கு அவருடைய காணி வழக்கு மட்டுமென்று நகரத்தில் இருப்பவர்கள் ஒதுங்கிக்கொள்வது, தமது சோற்றுப்பானையைத் தாமே கவனியாதிருப்பதற்கு ஒப்பானது.

நெல்லைவிடவும் மீன் விடயத்தில் பாவனையாளரின் கை சற்று நீளமானது எனலாம். வெடி வைத்து மீன் பிடிப்பது 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டத்தின் கீழ் தண்டனைக்குரிய குற்றம். இருந்தும் யுத்தம் முடிந்த பின்னரும் திருகோணமலைக் கடலில் டைனமைட் சத்தம் ஓயவில்லை. ஒரு வெடியில் செத்து மிதப்பவற்றில் ஒரு பகுதியையே அள்ள முடியும். மீதி அடியில் தாழ்ந்து அழுகுகின்றது. குஞ்சும் முட்டையும் பவளப்பாறையும் அத்தோடு நொருங்குகின்றன. நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாமலைத் தீவு 2003 இல் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது அதன் பவளப்பாறைக்காகவேயாகும். அதே கடலில்தான் இந்த அழிவும் நடக்கின்றது. கை இழந்த மீனவர்களையும் இந்தக் கரையோரக் கிராமங்கள் கண்டிருக்கின்றன.

வெடி மீனை அடையாளம் காண்பது கடினமன்று. வயிற்றைக் கீறும்போது முள்ளந்தண்டு முறிந்திருக்கும், உள்ளே இரத்தம் கட்டியிருக்கும், சதை கொழகொழத்திருக்கும். மீன் வெட்டுபவருக்கு இது தெரியும், வியாபாரிக்கும் தெரியும். வீட்டில் மீன் கழுவும் பெண்களுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்தும் பேசாதிருக்கிறோம், ஏனெனில் அது கிலோவுக்குச் சற்று மலிவாகக் கிடைக்கிறது. தூண்டிலிலும் கரைவலையிலும் பிடிபட்ட நல்ல அறுக்குளாவும் பாரையும் பனிக்கட்டியில் புதைந்து பேலியகொடைக்குப் புறப்பட்டுவிட, துறைமுக நகரத்தின் பிள்ளைகள் ரின் மீன் கறியோடு பாண் உண்கிறார்கள் என்பது இன்னொரு வேடிக்கை.

எமது முஸ்லிம் வாசகர்களிடம் உரிமையோடு ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். இறைச்சி எங்கிருந்து வந்தது, யார் அறுத்தார், எப்படி அறுத்தார் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிய சமூகம் இது. உணவின் மூலத்தை விசாரித்து உண்பதை ஒரு ஒழுக்கமாகக் கைக்கொண்ட சமூகங்கள் உலகில் அதிகமில்லை. மீனுக்கு அறுப்பு நிபந்தனை இல்லை என்பது உண்மையே. ஆயினும் ஹலால் என்பதோடு தையிப் என்ற சொல்லும், அதாவது நல்லதும் தூய்மையானதும் என்ற கருத்தும், சேர்ந்தே மார்க்கத்தில் பேசப்படுவதை உலமாக்கள் நன்கறிவார்கள். கடலின் கருவறையை வெடிவைத்துத் தகர்த்துப் பெற்ற மீன் அந்த இரண்டாவது சொல்லுக்குள் அடங்குமா என்று ஜும்ஆ மேடைகளில் விளக்கப்படுமாயின், கடற்படையின் ரோந்துப் படகுகளைவிட அது அதிகம் சாதிக்கும் என்பது எமது எண்ணம். வெள்ளிக்கிழமையில் மச்சம் தவிர்த்து, சனிக்கிழமை காலையில் எந்த மீனாயினும் சரியென்று சந்தைக்குச் செல்லும் சைவர்களுக்கும் இதே கேள்வி உண்டு.

பாலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மூதூரினதும் கிண்ணியாவினதும் எருமைத் தயிர் நாடெங்கும் பெயர் பெற்றது. ஆனால் அவ்வூர்களின் தேநீரிலும் கரைவது நியூசிலாந்துப் பால்மாவே. 2013 ஓகஸ்டில் அந்தப் பால்மாவில் டிசிடி என்ற இரசாயனம் இருப்பதாகக் கூறி சுகாதார அமைச்சு விற்பனையைத் தடுத்தபோதுதான், எங்கோ ஒரு தீவில் புல்வெளிக்கு இடப்படும் மருந்து எமது குவளைக்குள் வர முடியும் என்று பலர் அறிந்தனர். சில வாரங்கள் பதறினோம், பின்னர் பழையபடி பொதியைக் கிழித்தோம். இதற்கிடையில் மேய்ச்சல்தரைக்கு நிலம் ஒதுக்குமாறு எமது பண்ணையாளர்கள் விடுக்கும் கோரிக்கை ஆண்டுக்கணக்கில் கோப்புகளுக்குள் உறங்குகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் பதிவு செய்ய வேண்டியவர்களாக இருக்கிறோம். உணவு எங்கிருந்து வருகிறது என்று அறிய முற்படுவது வேறு, உணவை யார் தொட்டார் என்று சந்தேகிப்பது வேறு. இந்த நாட்டில் இரண்டாவது நோய்க்குக் குறைவில்லை. 2013 இல் ஹலால் சான்றிதழுக்கு எதிராகக் கிளப்பப்பட்ட பிரசாரத்தால் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அப்பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் கறியில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாக வதந்தி பரவி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் ஆராய்ந்தபோது அந்த 'மாத்திரை' வெறும் மாவுக் கட்டி எனத் தெரியவந்தது. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களின் பின்னர் இன்னாரின் கடையில் வாங்காதீர் என்ற குரல்கள் எழுந்தபோது, துரதிர்ஷ்டவசமாக அவற்றுள் தமிழ்க் குரல்களும் இருந்தன. தம்பலகாமத்துத் தமிழரின் நெல்லும் கிண்ணியா முஸ்லிமின் தயிரும் கந்தளாய்ச் சிங்களவரின் மரக்கறியும் ஒரே சந்தையில் வந்து சேரும் மாவட்டம் இது. உள்ளூர் உணவு என்று நாம் கூறும்போது இவை அனைத்தையும் சேர்த்தே கூறுகிறோம். இனம் பார்த்து வாங்குவதற்கு அந்தச் சொல்லை எவரும் இரவல் எடுக்கக் கூடாது.

விடிகாலை மூன்று மணிக்குக் கடலுக்குச் செல்பவரிடமும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுக் கூலி வேலைக்கு ஓடும் தாயிடமும், பாணை விட்டுவிட்டுக் குரக்கன் களி கிண்டுங்கள் என்று சொல்ல எமக்கு வாய் வராது. அவர்களுக்குத் தெரிவு என்று ஒன்று இருப்பதே இல்லை. கையில் உள்ள காசுக்குக் கிடைப்பதை உண்கிறார்கள். மேலிருந்து ஆணையிட்டு உணவை மாற்ற முனைந்தால் என்ன நேரும் என்பதற்கு 1973 உம் 2021 உம் சாட்சி. ஆகவே கேள்வி, தெரிவு செய்யும் வசதி படைத்தவர்களிடமே முதலில் செல்ல வேண்டும்.

இம்மாவட்டத்தில் ஒரே தடவையில் மூடை மூடையாக அரிசி வாங்குபவர்கள் யார்? நோன்பு மாதம் முழுவதும் கஞ்சி காய்ச்சும் பள்ளிவாசல் நிர்வாகங்கள், திருவிழாக் காலங்களில் அன்னதானம் வழங்கும் கோயில் பரிபாலன சபைகள், நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரையின் விடுதிகள், கல்யாண மண்டபங்கள், மாணவர்களுக்குக் காலை உணவு வழங்கும் பாடசாலைகள். இவர்கள் அறுவடைக் காலத்திலேயே உள்ளூர் விவசாய அமைப்புகளோடும் சிற்றாலைகளோடும் பேசி, ஆண்டுக்குரிய அரிசியை முற்கூட்டியே உறுதிசெய்துகொண்டால், ஈரநெல்லைக் களத்தில் விற்க வேண்டிய நிர்ப்பந்தம் சில நூறு குடும்பங்களுக்காவது நீங்கும். ஒரு காலத்தில் இதைச் செய்தவை எமது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களே. அவற்றின் களஞ்சியக் கட்டடங்களில் சில இன்றும் கூரையோடு நிற்கின்றன. விடுதிகள் வெடி மீனை வாங்குவதில்லை என்று கூடி முடிவெடுத்தால், வாடி முதலாளிமார் ஒரு வாரத்துக்குள் தமது சம்மாட்டிகளுக்குச் செய்தி அனுப்பிவிடுவார்கள். இதற்குப் புதிய சட்டமோ அமைச்சரவைப் பத்திரமோ தேவைப்படாது.

பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் கோயில் அறங்காவலர்களும் கணக்கு வழக்குப் பார்க்கக் கூடும் அடுத்த கூட்டத்தில், கடந்த ஆண்டு அரிசி வாங்கிய பற்றுச்சீட்டுகளை மேசையில் எடுத்து வைத்து, அந்தப் பொதிகளில் எந்த ஊரின் பெயர் இருந்தது என்று ஒருவராவது கேட்கட்டும். கேட்டவருக்குக் கிடைக்கும் பதிலை இப்பத்திரிகைக்கு எழுதி அனுப்பினால், அதைப் பிரசுரிக்க நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.